லாரிக்காரனின் துண்டு

ரெஸ்லிங் எல்லாம் பொய், முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டுதான் அடித்துக்கொள்கிறார்கள் என்று யாராவது ஆரம்பித்தால் நான் இன்றைக்கும் எழுந்து போய்விடுவேன். நாற்பதைத் தாண்டியவள், தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையை வைத்திருக்கிறவள் பேசுகிற பேச்சா இது என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். எங்கள் சித்திக்கு அது பொய்யாக இருந்ததில்லை. அதனால் எனக்கும் இல்லை.

இரும்புலியூரில் எங்கள் தெருவுக்கு கேபிள் வந்தபோது எனக்குப் பத்து வயது. பிள்ளைகள் படிப்பு குட்டிச்சுவராகிவிடும் என்று அப்பா மறுத்தார். சித்திதான் தன் சம்பளத்தில் போட்டுவிட்டாள். அவள் அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை. அவள் தைத்த சட்டைகள் கப்பலேறிப் போயின. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அதில் ஒன்றைப் போட்டுப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

வாரம் முழுக்க மிஷினில் குனிந்திருப்பவள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றுத் தட்டோடு டி.வி. முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் அண்ணன். ரெஸ்லிங் முடிகிற வரை இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டோம். வெள்ளைக்காரன் வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல ஏதோ சொல்லுவான், ஒரு வார்த்தை பிடிபடாது. அதனால் சண்டைக்காரர்களுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். அதில் எங்கள் ஆள் லாரிக்காரன்.

தொப்பை வைத்தவன். கை இல்லாத பனியன், தோளில் ஒரு துண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு முகம் கழுவுகிற டிரைவர்கள் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள். அவன் எடுத்த எடுப்பில் அடிக்க மாட்டான். எதிராளி மைக்கைப் பிடித்துக்கொண்டு வாய்கிழியப் பேசுவான். இவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பான், கழுத்தைத் துடைப்பான், நிதானமாக அக்குளையும் துடைத்துக்கொண்டு, அந்தத் துண்டை எதிராளியின் காலடியில் போடுவான். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அங்கே ஊரே கத்தும். இங்கே சித்தி சோற்றுக் கையோடு விசிலடிக்கப் பார்ப்பாள், வராது.

அந்த லாரிக்காரன் திடீரென்று காணாமல் போனான். ஒரு ஞாயிறு வரவில்லை, மறு ஞாயிறும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அவன் செத்துவிட்டான் என்றார்கள். அப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லா ரெஸ்லரும் ஒரு முறையாவது செத்திருந்தார்கள், ஆகையால் நான் அதை மதிக்கவில்லை. ஜெயிலில் இருக்கிறான் என்று ஒருத்தி சொன்னாள். அவளுக்கு துபாயில் மாமா இருந்தார். துபாய் மாமா சொன்னதற்கு எங்கள் வகுப்பில் அப்பீல் கிடையாது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உண்மையைக் கொண்டுவந்தவன் பொழிச்சலூர் அண்ணன். அவன் பெரியப்பா மகன். ஏர்போர்ட்டில் விமானம் வந்து நின்றதும் உள்ளே ஏறிக் குப்பை கூட்டுகிற வேலை. பயணிகள் சீட்டில் விட்டுப்போகிற புத்தகங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வருவான். அதில் ரெஸ்லிங் புத்தகம் கிடைத்தால் அடுத்த ஞாயிறே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவான்.

"சித்தி, மேட்டர் தெரியுமா? லாரிக்காரன் உள்ள ஓனராண்டயே மொறைச்சுகினானாம். அதான் ஆளக் காணோம். இன்னா போட்டுகீதுன்னு நீயே படி."

பிளஸ் டூ படித்த சித்தி ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்துச் சொன்னாள். ரெஸ்லிங் கம்பெனி ஓனரின் மருமகனிடம் தோற்றுப்போகச் சொன்னார்களாம். இவன் முடியாது என்றானாம். ஓனர் எல்லார் எதிரிலும் இவனைத் திட்டினாராம், இவன் திருப்பிக் கொடுத்தானாம். உடை மாற்றுகிற அறையில் மற்ற ரெஸ்லர்கள் அத்தனை பேரையும் நிற்க வைத்து, அவர்கள் முன்னால் ஓனரிடம் மன்னிப்புக் கேட்டால்தான் இனிமேல் சண்டை என்று சொல்லிவிட்டார்களாம். திரைக்குப் பின்னால் அங்கே பெரிய ஒழுங்கே இருந்தது. புதிதாக வருகிறவன் எல்லாரிடமும் போய்க் கை கொடுக்க வேண்டும், மூத்தவன் பெட்டியைத் தூக்க வேண்டும். அடிக்கிற இடத்தில் எதற்கு இத்தனை மரியாதை என்று என் அண்ணன் கேட்டான். எனக்கும் அது அசிங்கமாகத்தான் பட்டது.

இதே வாரத்தில்தான் சித்திக்குக் கம்பெனியில் பிரச்சினை வந்தது. பிள்ளைகள் காதில் போடக் கூடாதென்று எங்களிடம் மறைத்துவிட்டார்கள். நான் இப்போது சொல்வது பின்னால் பெரியவளாகித் தெரிந்துகொண்டது.

அந்தக் கம்பெனியில் ஒரு லைனுக்கு, அதாவது ஒரு வரிசை மிஷினுக்கு, ஒரு மரக்கட்டை டோக்கன். அது கையில் இருந்தால்தான் பாத்ரூம் போகலாம். ஒருத்தி போய்த் திரும்புகிற வரை மற்ற பெண்கள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். சித்தியின் பக்கத்து மிஷின் பெண் ஒரு நாள் தாங்க முடியாமல் டோக்கன் இல்லாமலே எழுந்து ஓடிவிட்டாள். திரும்பி வந்தவளை சூப்பர்வைசர் உட்கார விடவில்லை. மிஷின் பக்கத்தில் சாயங்காலம் வரை நின்றுகொண்டிரு என்றான். அவள் அழுதுகொண்டே நின்றாள். சித்தி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, "யோவ், உன் வூட்டுப் பொண்ணா இருந்தா இப்படி நிக்க வெப்பியா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 'யோவ்' என்றதுதான் குற்றமாகிவிட்டது. திங்கட்கிழமை காலை எல்லா மிஷினையும் நிறுத்திவிட்டு, மொத்த லைன் முன்னால் சூப்பர்வைசரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் எங்கள் ஸ்கூல் ஃபீஸ் போய்க்கொண்டிருந்தது. அவள் கல்யாணத்துக்குச் சேர்வதும் அதிலிருந்துதான்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள்தான் இந்தப் புத்தகம் வந்த ஞாயிறு. டி.வி.யில் யாரோ இரண்டு உப்புச்சப்பில்லாத ஆட்கள் கட்டிப்புரண்டுகொண்டிருந்தார்கள். சித்தி எழுந்து சத்தத்தைக் குறைத்தாள்.

"சொல்லுங்க பாப்போம். லாரிக்காரன் போய் சாரி கேக்கலாமா, கூடாதா?"

பொழிச்சலூர் அண்ணன் முந்திக்கொண்டான். "இன்னாத்துக்கு கேக்கணும்? அவன் இல்லாங்காட்டி எவன் டிக்கெட் வாங்குவான்?"

பேப்பருக்குப் பின்னால் இருந்த அப்பா பேப்பரை மடித்து வைத்தார். ரெஸ்லிங்கைக் குரங்கு வித்தை என்று சொல்லுகிறவர் அவர். அன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேலைன்னு வந்துட்டா மேல இருக்கறவனுக்கு அடங்கித்தான் போகணும். நான் இருபது வருஷமா போகலையா? அடுத்தவன் சண்டையில இவன் எதுக்குத் தலையைக் குடுத்தான்? வேலில போற ஓணானை எடுத்து வேட்டில விட்டுக்கிட்ட கதை," என்றார்.

லாரிக்காரன் எந்த அடுத்தவன் சண்டையில் தலையைக் கொடுத்தான் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அப்பா கதையைச் சரியாகக் கேட்கவில்லை என்று விட்டுவிட்டேன்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சாரின்னு ஒரு வார்த்தை சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்? சொல்லிட்டு வேலையைப் பாக்க வேண்டியதுதானே? இப்படித் திமிர் புடிச்சு நின்னா நாளைக்கு யார் சோறு போடுவா?"

"குட்டக் குட்டக் குனியறவனும் முட்டாள்தான்க்கா," என்றாள் சித்தி.

"குனிஞ்சவங்கதான்டி இங்க குடும்பம் நடத்தறாங்க!"

எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு ரெஸ்லரையும் இன்னொரு ரெஸ்லரையும் அடையாளம் தெரியாத அம்மா லாரிக்காரனுக்காகக் கண் கலங்கிப் பேசுகிறாள்! அப்பா பேப்பரை விட்டுவிட்டுக் கருத்துச் சொல்கிறார்! கடைசியில் எங்கள் வீடும் ரெஸ்லிங் வீடாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுடி."

நான் கட்டிலின்மேல் ஏறி நின்றேன். "கேக்கவே கூடாது! எல்லார் முன்னாடியும் துண்டைக் கீழ போட்டுட்டு வந்துடணும்!"

சித்தி சிரிக்கவில்லை. என்னைக் கீழே இறக்கி, மடியில் உட்கார வைத்து, அவிழ்ந்திருந்த என் பின்னலை வெகுநேரம் பின்னிக்கொண்டிருந்தாள். என் பதில் இன்றைக்கும் அதுதான். யார் வந்து கேட்டாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை நடந்ததை, அன்று அழுதுகொண்டே நின்ற அந்தப் பெண் என் கல்யாணத்துக்கு வந்தபோது சொன்னாள். மிஷின் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்களாம். அத்தனை பெரிய கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றானாம். லைன் பெண்கள் தலையில் மஞ்சள் துணி கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. சித்தி முன்னால் போய் நின்று அந்தத் துணியை அவிழ்த்தாளாம்.

"சாரி சொல்லப் போறாங்கன்னுதான் நாங்க எல்லாம் நெனைச்சோம். அவங்க என்னடான்னா மொகத்தைத் தொடைக்கிறாங்க, கழுத்தைத் தொடைக்கிறாங்க, அவசரமே இல்லாம. அப்புறம் அந்தத் துணியை அவன் கால்ல போட்டுட்டு வெளிய நடந்துட்டாங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியல. கட்டிங் செக்‌ஷன் பசங்க மட்டும் விசிலடிச்சாங்க பாருங்க, அப்படி ஒரு விசில்!"

கட்டிங் செக்‌ஷன் பையன்கள் வீட்டிலும் கேபிள் இருந்திருக்க வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சித்தி வீட்டில் இருந்தாள். அம்மா சமையலறையில் பாத்திரங்களை இடித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் ஆர்டர் இல்லை, லீவு விட்டுவிட்டார்கள் என்று சித்தி சொன்னாள். ஆர்டரே வராமல் இருக்க வேண்டும் என்று நான் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சித்தி வீட்டில் இருப்பது அவ்வளவு நன்றாக இருந்தது. மற்ற எக்ஸ்போர்ட் கம்பெனிகளும் அவளை எடுக்கவில்லை. 'யோவ்' அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் அட்டைப் பெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போனாள். பஸ் மாறிப் போக வேண்டும், சம்பளமும் பாதிதான். பேசி முடிக்க இருந்த ஒரு வரன், பெண் வாயாடி என்று கேள்விப்பட்டுப் பின்வாங்கியது. அதைப் பற்றி சித்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

கோடை லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரன் திரும்பி வந்தான்.

அவன் உள்ளே வரும்போது போடுகிற பாட்டு கேட்டதும் நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டில் தூளியில் தூங்கிய குழந்தை எழுந்து அழுதது. ஆனால் வந்தவன் பனியனில் வரவில்லை. கோட்டும் டையும் போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். தோளில் துண்டு இல்லை. ரிங்கின் நடுவே ஓனர் காத்துக்கொண்டு நின்றார். லாரிக்காரன் மைக்கை வாங்கித் தலையைக் குனிந்துகொண்டு என்னவோ பேசினான். அதில் 'சாரி' என்ற ஒரு வார்த்தை எங்கள் மூன்று பேருக்கும் தெளிவாகக் கேட்டது. பிறகு அந்த ஆகிருதி ஓனருக்கு எதிரே மண்டி போட்டது. ஓனர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அண்ணன், ரெஸ்லர்கள் படம் போட்ட தன் விளையாட்டுச் சீட்டுக் கட்டிலிருந்து லாரிக்காரன் சீட்டை எடுத்து நான்காகக் கிழித்தான். "துரோகி! துரோகி!" என்று நான் டி.வி.யைப் பார்த்துக் கத்தினேன். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னை அப்படி ஏமாற்றியதில்லை.

சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்ததிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"நல்லாப் பாத்துக்கோடி," என்றாள் சித்தியிடம். "மலை மாதிரி இருக்கான். அவனே கேட்டுட்டான்."

லாரிக்காரன் எழுந்து, கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ஒரு முறைகூட நிமிராமல் உள்ளே போய் மறைகிற வரை சித்தி பார்த்தாள். "பாவம், எத்தனை புள்ளைங்களோ," என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "என்ன சித்தி பாவம்? அவன் சாரி கேட்டுட்டான் சித்தி!"

தலைக்குக் குளித்துவிட்டுத் தோளில் போட்டிருந்த துண்டை சித்தி எடுத்தாள். முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஆமாக்கா, அவன் கேட்டுட்டான். நான் கேக்கல."

அம்மா கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பேச்சு லாரிக்காரனைப் பற்றி. நடுவில் இவள் எதற்கு வருகிறாள்? இவளை யார் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்? இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் சித்திக்கு ரெஸ்லிங் புரியவே இல்லை என்று முடிவு செய்துகொண்டு, எழுந்து போய் சேனலை மாற்றினேன்.