பாதியாக்கிய தகடு

இஞ்சினியரிங் படித்துவிட்டு ஊர் திரும்பிய புதிதில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கம். குற்றாலத்திலிருந்து தென்காசி வரும் வழியில் ஓர் அரிசி மில் இருந்தது. மேலும் கீழும் சுவர் வைத்து இடையில் தகடுகள் நிறுத்திய இரும்புச் சக்கரத்தை ஓடைத் தண்ணீர் சுழற்றும். சக்கரம் மில்லை ஓட்டும். சாரல் ஓய்ந்து தண்ணீர் குறைந்தால் சக்கரம் திணறும். அதற்குத்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"தண்ணீர் பாதி, தகட்டின் உயரமும் பாதி" என்று சின்னச் சக்கரம் ஒன்றுக்குப் படம் போட்டேன். தகட்டின் அகலத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

செங்கோட்டையிலிருந்து வேலைக்கு வரும் வயதான ஃபிட்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல் சுவருலயும் கீழ் சுவருலயும் ஒட்டிப் போற தண்ணி முறுக்கிக்கிடுதுய்யா. தகடு உயரமா இருந்தா நடுத்தண்ணி தப்பிச்சிரும். இம்புட்டுக் குட்டையாக்கினா முறுக்குதான் மிஞ்சும்."

"இதை எந்தக் காலேஜுல படிச்சீரு வேய்?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, என் படத்தில் இருந்தபடியே தகடுகளை அரத்தால் ராவிக் கொடுத்தார்.

சக்கரம் சுற்றியது. நெல்லைக் கொட்டியதும் நின்றுபோனது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஃபிட்டரைப் பார்த்தேன்.

"தகட்டை ராவினதுல கோணம் பிசகிட்டு" என்றேன். அளந்துகூடப் பார்க்கவில்லை.

"வேய், நீரு நாளையிலேருந்து இங்கன வரவேண்டாம்" என்றார் முதலாளி. ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டு, அரத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மனசு உறுத்தியது. ஒரே ஆழத்தில், ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் செய்தேன். நீளவாட்டுக்குக் குறுக்கே, திறந்த மேல்வாயை உரசித் தண்ணீரை ஓடவிட்டு, ஓட்டம் தெரிய உள்ளே குங்குமம் தூவினேன். நீளப் பெட்டியில் நடுத்தண்ணீர் ஒழுங்காக உருண்டது. இரண்டு முனைகளில் மட்டும் பக்கவாட்டில் முறுக்கியது. குட்டைப் பெட்டியில் இரு முனை முறுக்குகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. நடு என்று எதுவுமே இல்லை. பெட்டிக்கு நீளம் எதுவோ, என் தகட்டுக்கு உயரம் அது; பெட்டிக்கு ஆழம் எதுவோ, தகட்டுக்கு அகலம் அது. அவர் சொன்னது அத்தனையும் கண்ணெதிரே சுழன்றது.

அப்போதாவது முதலாளியிடம் போய்ச் சொன்னேனா? இல்லை. நடுத்தண்ணீர் தப்பிக்கும்படி தகட்டின் அகலத்தைச் சத்தமில்லாமல் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டி வேறு படம் போட்டேன். மில் ஓடியது. "படிச்ச புள்ளைன்னா சும்மாவா" என்றார் முதலாளி. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சில மாதம் கழித்து, உண்மையைச் சொல்லிவிடத் துணிந்து செங்கோட்டைக்குப் போனேன். ஃபிட்டர் பதறி எழுந்து நாற்காலி போட்டார். நான் வாயெடுக்குமுன் அவரே பேசினார்.

"கண்ணு மங்கிட்டுய்யா. கோணத்தை நான்தான் கெடுத்திருக்கேன். அதான் அன்னைக்கிலேருந்து அரத்தைத் தொடல. ஒங்க பேரைக் கெடுக்கப் பாத்தேனே, மன்னிச்சிருங்க."

அவர் கண்ணில் நீர் நின்றது.

"பரவாயில்ல, விடும்" என்று அவரை மன்னித்துவிட்டு வந்தேன்.