ஆடும் இருக்கையில் பத்தொன்பது நாட்கள்

என் ஸ்கூட்டர் சாவியை மனைவி எடுத்து வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு நாட்கள் ஆகியிருந்தன. காரணம் சிறியது. சிங்காநல்லூர் சிக்னலில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினேன். கால் நிற்கவில்லை. வண்டியோடு இடப்பக்கமாகச் சாய்ந்தேன். விழுந்தேன் என்று அவள் எல்லோரிடமும் சொல்கிறாள். விழுவதற்கு ஒரு வேகம் வேண்டும். நான் சாய்ந்து முடிக்க நான்கு விநாடி ஆயிற்று. பக்கத்து வண்டிக்காரர், "பாத்துங்க பெரியவரே, பாத்துங்க" என்று இரண்டு முறை சொல்லி முடித்த பிறகுதான் என் தோள் தரையைத் தொட்டது.

அன்றிலிருந்து நான் வெளியே போக வேண்டுமென்றால் பெங்களூரில் இருக்கும் மகள் தன் போனிலிருந்து கார் வரவழைப்பாள். கார் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது எல்லாம் அவளுக்கு அங்கிருந்தே தெரியும். ஒருநாள் வழியில் பேக்கரியில் நிறுத்தி ஒரு தேங்காய் பன் வாங்கினேன். இரண்டாவது கடி கடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. "அப்பா, சுகரு" என்றாள்.  எழுபத்து மூன்று வயதில், தனக்குத் தெரியாமல் ஒரு பன் தின்னக்கூட என்னை விடமாட்டாள் என்றால் அந்தச் சாவி எனக்கு எவ்வளவு அவசியம் என்று யோசித்துப் பாருங்கள்.

சாவியைத் திரும்பப் பெற ஒரு வழி இருந்தது. பீளமேட்டில் பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒருவர் என் தொடைகளில் பலமில்லை என்று சொல்லியிருந்தார். அரை நிமிடத்தில், கையை எதிலும் ஊன்றாமல், நாற்காலியிலிருந்து பன்னிரண்டு முறை எழுந்து உட்கார வேண்டும். அப்படிச் செய்தால் வண்டி ஓட்டலாம். முதல் முறை நான் ஏழு தடவை எழுந்தேன். ஏழாவதை அவர் அரை என்று எழுதிக்கொண்டார். மனைவி அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். "ஆறரைங்களா? செரி. பன்னெண்டு ஆகட்டும், சாவியத் தாரேன். பதினொன்னரைக்கெல்லாம் தரமாட்டேனுங்க" என்றாள்.

இருபது நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். மகள் ஒரு ரோயிங் மெஷின் வாங்கி அனுப்பினாள். வீட்டுக்குள்ளேயே துடுப்புப் போடும் இயந்திரம். நீளமான ஒரு தண்டவாளம், அதன்மேல் முன்னும் பின்னும் உருளும் சின்ன இருக்கை, முன்னால் பாதம் வைக்கும் பலகை, இழுப்பதற்குக் கயிற்றில் ஒரு கைப்பிடி. இருக்கை தரையிலிருந்து ஓரடிகூட உயரமில்லை. அதில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். ஆகவே மகள் இன்னொரு இருக்கையும் தனியாக வாங்கினாள். முதுகு சாயப் பலகை வைத்தது, நான்கு பிடிப்புகளால் பழைய இருக்கையின் தலைமேல் மாட்டிக்கொள்வது. பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அதில் உட்கார்ந்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் சிரித்த காரணம் எனக்கு விளங்கவில்லை. காகிதத்தில் இருந்த ஒன்பது படங்களின்படி ஒன்பது வேலையும் செய்து முறுக்கினேன். இருக்கை ஆடியது. இடப்பக்கம் நான்கு விரற்கடை, வலப்பக்கம் ஏழு. நான் நூற்பாலையின் சோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் நூலில் தடித்த இடமும் மெலிந்த இடமும் எண்ணியவன். குறையைக் கண்டால் எண்ணாமல் இருக்க முடியாது. முதல் நாள் அறுபது இழுப்புக்கு நூற்று நாற்பத்தொரு ஆட்டம்.

மனைவி தரையில் கீறல் விழுமென்று இயந்திரத்துக்கு அடியில் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்துவிட்டுப் போனாள். போகிற போக்கில், "ஏனுங்க, பரிசல் எதுவரைக்கும் போயிருக்குதுங்க? சத்தியமங்கலம் தாண்டியாச்சுங்களா?" என்றாள்.

"சீட்டு ஆடுது அம்மணி."

"ஆத்துல போனா ஆடத்தானுங்க செய்யும்."

நான் அந்த இருக்கையை நம்பவில்லை. உட்கார்ந்ததாகப் பெயர் பண்ணிக்கொண்டு, பின்பக்கம் அதில் பட்டும் படாமலும் வைத்துப் பயிற்சி செய்தேன். பதினாறு நாட்கள் ஓடின. பதினாறாம் நாள் இருக்கை வலப்பக்கம் ஒன்பது விரற்கடை போய், முதுகுப் பலகை என் காதை உரசியது. கம்பெனிக்குப் போன் செய்யலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வந்தார். பம்ப்செட் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நான்கு வயது இளையவர். அவர் வீட்டு வாசல் கேட்டைத் திறக்க இரண்டு கை வேண்டும். அவரே செய்தது.

"என்னுங்ணா, போனக் கையில வெச்சுட்டு நிக்கறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. "கோயமுத்தூர்ல இருந்துட்டு ஒரு சீட்டு ஆடுதுன்னு கம்பெனிக்குப் போன் போடறீங்களா? இத வெளிய யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்ணா. தெரிஞ்ச பட்டறை ஒண்ணு இருக்குது. குடுங்க இக்கட்டால" என்று தன் பக்கமாகக் கையைக் காட்டினார்.

"கேரண்டி இருக்குதுங்களே?"

"கேரண்டியெல்லாம் கடையில சாமான் வாங்கறவங்களுக்குங்ணா. நமக்கு லேத் இருக்குதில்லீங்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. இந்த ஊரில் வளர்ந்தவன் யாருக்கும் சரியென்றுதான் படும். இருக்கையைக் கழற்றிக் கொடுத்தேன். அது இல்லாத இரண்டு நாளும் பழைய குட்டை இருக்கையைத் தொடாமல் அதற்கு மேலே அரைக்குந்தலாக நின்றுகொண்டே இழுத்தேன். கணக்கு விட்டுப்போகக் கூடாது.

பத்தொன்பதாம் நாள் காலை, சோதனைக்கு முந்தைய நாள், அவர் இருக்கையைக் கொண்டுவந்தார். ஆட்டோவில் கொண்டுவந்தார். நான்கு பிளாஸ்டிக் பிடிப்புகள் இருந்த இடத்தில் வார்ப்பிரும்பில் ஒரு பீடம் முளைத்திருந்தது. எட்டு போல்ட். பச்சைப் பெயிண்ட் வேறு அடித்திருந்தார். எங்கள் வீட்டு எடை மெஷினில் அவரையே வைக்கச் சொல்லிப் பார்த்தேன். பதினான்கு கிலோ.

"அஞ்சு குதிரைசக்தி மோட்டார் ஒக்காந்து ஓடுங்ணா இதுல. நீங்க ஒக்கார மாட்டீங்களா?"

அவரே பொருத்தினார். நான் உட்கார்ந்தேன், பத்தொன்பது நாளில் முதல் முறையாக முழு எடையும் வைத்து. அசைவே இல்லை. பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தேன். சுழியம். கண் கலங்கும் நிலைக்கு வந்துவிட்டேன். பிறகு கைப்பிடியைப் பிடித்துக் காலால் உதைத்து ஓங்கி இழுத்தேன்.

இருக்கை பின்னால் உருளவில்லை. இரும்பின் பாரமும் என் பாரமும் சேர்ந்து சக்கரங்களை அமுக்கிவிட்டன. ஆனால் உதைத்த உதைக்கு ஏதாவது ஒன்று நகர்ந்தாக வேண்டுமல்லவா? இயந்திரம் நகர்ந்தது. அடியில் ஜமுக்காளம், அதற்கடியில் அப்போதுதான் துடைத்த கிரானைட். ஜமுக்காளத்தோடு மொத்தமாக அரை அடி முன்னால் போனேன்.

"நிறுத்தீராதீங்ணா, இழுங்க, என்னாகுதுன்னு பாக்கலாம்" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் பழகியவர். இழுத்தேன். இன்னோர் அரை அடி. அறையின் நிலைக்கதவு அகலமானது, அதுவும் ஒரு கெட்ட நேரம். ஏழாவது இழுப்பில் அறையை விட்டு வெளியேறினேன். பதினெட்டாவது இழுப்பில் ஹாலின் நடுவே இருந்தேன். எதிர்வீட்டுக்காரர் ஒரு பக்கமாக நடந்து வந்தபடி, "லெஃப்ட்ல கொஞ்சம் ஒடிங்ணா, டீவி ஸ்டாண்டு" என்றார். எப்படி ஒடிப்பது என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சாப்பாட்டு மேசையில் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"வாங்க வாங்க. கரை வந்துருச்சுங்களா? காப்பி போடட்டுங்களா, இல்ல இப்படியே திரும்பறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் சோதனை. கடைசி நாள் பயிற்சி, இருநூறு இழுப்புக்குப் பதிலாக இருபத்திரண்டில் மேசைக் காலில் முட்டி நின்றுவிட்டது. இறங்கி, போல்ட்டுகளைக் கழற்றி அந்த இருக்கையைத் தூக்கி வைக்கப் பார்த்தேன். முடியவில்லை. பதினான்கு கிலோ தூக்க முடியாத கால் பன்னிரண்டு முறை எப்படி எழும்? "அவ்வளவுதான் அம்மணி. சாவி போச்சு" என்றேன். அவள் மறுபடி பீர்க்கங்காயை எடுத்தாள். 

மறுநாள் பீளமேட்டில் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிசியோதெரபிப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "செரிங்கய்யா" என்றார். எழுந்தேன். உட்கார்ந்தேன். நான் சத்தமாக எண்ணினேன், மனைவி மனதுக்குள் எண்ணினாள், உதடு அசைந்தது. பன்னிரண்டு வந்தபோது நேரம் முடியவில்லை. பதினான்கில்தான் "போதுங்கய்யா" என்றார்.

அவருக்கே நம்பிக்கை வரவில்லை. "ரோயிங்ல இவ்வளவு சீக்கிரம் வராதுங்களே. எப்படிப் பண்ணுனீங்க, காட்டுங்க" என்றார். காட்டினேன். ஆடுகிற இருக்கைக்குப் பயந்து பின்பக்கத்தை அரை அங்குலம் தூக்கி வைத்துக்கொண்டு இழுத்ததை அப்படியே நடித்துக் காட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "அய்யா, நீங்க இத்தன நாளும் உக்காரவே இல்லீங்க. அரைக்குந்தல்ல நின்னுருக்கீங்க. இத நான் சொல்லியிருந்தா நீங்க ஒரு நாளும் பண்ணியிருக்க மாட்டீங்க."

மனைவி கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினாள். அதை அன்று கையோடு கொண்டுவந்திருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இருக்கை கெட்டதால்தான் கால் தேறியது என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "அப்பறம் என்னுங்ணா, ஆடற மாதிரியே ஒண்ணு செஞ்சுபோடலாம். எத்தன விரற்கடை வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அவசரமாக வேண்டாமென்றேன்.

அடுத்த ஞாயிறு உக்கடத்தில் இருக்கும் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தி, பின்சீட்டைக் காட்டினேன்.

"நீங்க போங்க. நான் பஸ்ஸுல வாரேனுங்க."

"பதினாலு எந்திரிச்சேனே அம்மணி!"

"எந்திரிச்சீங்க. நான் இல்லீன்னு சொல்லலயே. போங்க, மெல்லப் போங்க."

வழியில் ஆறு சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஆறிலும் காலை ஊன்றினேன், ஆறிலும் கால் நின்றது. இடையில் ஒரு பேக்கரியில் பன்னிரண்டு நிமிடம் நின்றேன். போன் ஒரு முறைகூட அடிக்கவில்லை. உக்கடம் போய்ச் சேர்ந்தபோது மனைவி தங்கையோடு உட்கார்ந்து பாதிக் காப்பி குடித்து முடித்திருந்தாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, தன் முந்தானையால் என் மீசையில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலைத் தட்டிவிட்டாள்.