கூரையின் கீழ் ஒரு பன்றி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தடுமாறினேன். நான் அதிகம் படித்தவனில்லை. கோயிலில் என்னோடு தேவாரம் பாடுகிறவர்கள் சிரிப்பார்களே என்ற பயமும் இருந்தது. ஆனாலும் விளக்கேற்றும்போதெல்லாம் மனம் அங்கேயே போய் நிற்கிறது. எழுதினாலாவது அடங்குமா, பார்ப்போம்.

சுவிஸில், எம்மன்புரூக்கேயில் இந்த வீட்டில் பால் காய்ச்சிய நாளில், முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் சீனத்து அக்கா ஒரு படம் கொண்டுவந்தார். சிவப்புத் தாளில் அவரே மையால் எழுதிய ஒற்றை எழுத்து. 'வீடு' என்று அர்த்தமாம். சந்தோசத்தில் சாமியறை வாசலுக்கு மேலேயே மாட்டினேன். அடுத்த ஞாயிறு சாப்பிட வரச் சொல்லி மனைவி அவரை அழைத்தாள்.

மறுநாள் வேலை இடைவேளையில், அந்த எழுத்து எப்படி வந்தது என்று எங்கள் இருவருக்கும் பொதுவான டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கேட்டேன். ஆவி படிந்த சன்னலில் விரலால் ஒரு கூரை போட்டார். அதன் கீழே வயிறு, கால், வால் வைத்து ஒன்றைக் கீறினார்.

"நாயோ?" என்றேன்.

"பன்றி. முந்தி பன்றி நிண்டால்தான் அது ஆக்கள் இருக்கிற வீடு. எழுதி எழுதி வயிறு இல்லாமப் போச்சுது. இப்ப கோடுதான் மிச்சம்." பக்கத்தில் இன்னொரு கூரை போட்டார். "இதுக்குக் கீழ ஒரு பொம்பிளை. இது 'அமைதி'."

"எங்கட வீட்டில பொம்பிளை இருந்தும் அமைதி இல்லையே!"

"ஞாயிறு வாறன்தானே, பாப்பம்."

சிரித்தேனே தவிர உள்ளே கலங்கிவிட்டது. திருநீறு பூசிக் கும்பிடுகிற வாசலுக்கு மேல் பன்றி! அன்று மாலையே கழற்றினேன். ஞாயிறு வந்து அவர் தேடினால்? அன்போடு தந்ததல்லவா! திரும்ப மாட்டினேன். விளக்கேற்றக் கை கூசியது. மறுபடி கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். அந்தக் கிழமை முழுவதும் வேலையில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு காலை வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சாருங்கோ," என்றாள் மனைவி, "வேலையில பன்றி பொரிச்ச சட்டி எல்லாம் கழுவுறியள். இந்தக் கோட்டுப் பன்றியோ உங்களைக் கடிக்குது?"

"அது வேலையப்பா. இது சாமியறை."

"தாயைப் பறிகுடுத்த பன்றிக்குட்டியளுக்குச் சிவன் தாய்ப்பன்றியா வந்து பால் குடுத்தவரெல்லோ? அவருக்கு வராத அருவருப்பு உங்களுக்கு என்னத்துக்கு?"

அவளே எடுத்து மாட்டினாள். வாசல் மணி அடித்தது. வந்தவர் சப்பாத்தைக் கழற்றும்போதே படத்தைக் கண்டுவிட்டார், முகம் மலர்ந்தது. எனக்குத் தெரிந்த டொச்சில் சிவன் பன்றியான கதையைச் சொன்னேன்.

"பிறகு அந்தக் குட்டியளுக்கு என்ன நடந்தது?"

"பாண்டிய ராசாவிட்ட மந்திரியா வேலை."

"எங்களைவிட நல்ல வேலை!" என்று சிரித்தார்.

படம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. மனம் முழுதாக அடங்கிவிட்டது என்றால் பொய். சில நாள் தேவாரம் பாதியில் நிற்க, அந்தக் கோடுகளுக்குள் வயிற்றைத் தேடுகிறேன். பிறகு, எல்லாம் அவன் செயல் என்று தொடர்கிறேன்.

வாசிப்பவர்கள் இதைப் பிறருக்கும் சொல்லுங்கள். ஆனால் பன்றியைப் பசுவாக்கிவிட வேண்டாம். நான் கூசவே இல்லை என்றும் சேர்க்க வேண்டாம். கை மாறிக் கை மாறித்தான் அந்தப் பன்றிக்கு வயிறு இல்லாமல் போனது.