போர்காவின் ஐந்து மதிப்பெண்

பாட்டு டீச்சர் எடெல்கா அக்காவுக்குக் காது போய்விட்டது என்பதைப் பள்ளிக்கூடத்தில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். முதுகுக்குப் பின்னால் நின்று கத்து கத்தென்று கத்தியும் அவள் திரும்பவில்லை. முன்னால் போய் நின்று, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி மெதுவாகக் கேட்டேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"போன குளிர்ல வந்த காய்ச்சல்லேருந்துதான். ஊரைக் கூட்டாதடி மாலி. தலைமையாசிரியருக்குத் தெரிஞ்சா பாட்டு வகுப்பைப் பிடுங்கிடுவாரு. அது இல்லாம நான் என்னடி பண்ணுவேன்?"

வேறென்ன இருந்தது அவளுக்கு? இளம் வயதில் தீசா ஆற்றங்கரைக்கு வேலைக்கு வந்தவள். கல்யாணம் கிடையாது, சொந்த வீடு கிடையாது. இந்த ஊரில் ரொட்டிக்கடைக்காரர் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் பாடக் கற்றுக்கொடுத்தது அவள்தான். கடைசி வரிசையில் ஒரு பிள்ளை கொஞ்சம் சுருதி இறங்கினாலும் போதும், கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே, "உன் தோ சுரம் ஆத்துல விழுந்துடுச்சு, போய் எடுத்துட்டு வா!" என்பாள். அப்பேர்ப்பட்ட காது.

எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு சுரத்தையும் கையால் காட்டிக்கொண்டேதான் பாடும். மூடிய முஷ்டி தோ, படுத்த உள்ளங்கை மி, தொங்கும் கை லா. வருடக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக முன்னால் நின்று பாட வேண்டும். அக்கா அந்தக் கைகளைப் பார்த்தே மதிப்பெண் போட ஆரம்பித்தாள்.

"கை தப்பினா தொண்டையும் தப்பும்டி. இத்தனை வருஷத்துல எனக்குத் தெரியாதா?" என்றாள்.

ஜூன் மாதத் தேர்வுக்குத் தலைமையாசிரியர் காஷ்பார் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குச் சந்தேகம் தட்டியிருந்தது. மூன்றாம் வகுப்புக்கு நான்தான் ஆசிரியை, அதனால் நானும் அங்கே இருந்தேன். பிள்ளைகள் நன்றாகவே பாடின. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அடுத்து போர்கா வந்தாள். ஈஸ்டர் சமயத்தில் அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை. கையைத் தூக்கினாள். தோ, மி, ஸோ, லா... ஒன்றுகூடத் தப்பவில்லை. உதடும் அசைந்தது. குரல்தான் வரவில்லை. கூட்டத்தோடு பாடும்போதும் இப்படித்தான் வாயசைத்திருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்கே உறைத்தது. ஐயோ, அந்த அறை எவ்வளவு நிசப்தமாக இருந்தது!

அக்கா முகமெல்லாம் சிரிப்பாக, "அஞ்சுக்கு அஞ்சு! உங்கம்மா கேட்டிருந்தா பூரிச்சுப் போயிருப்பா, கண்ணு" என்றாள்.

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. காஷ்பார் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு போர்காவின் முன்னால் மண்டியிட்டு, அவள் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னொரு தடவை பாடும்மா."

குழந்தையின் கை மறுபடி ஏறி இறங்கியது. அக்காவின் கைக்கடியில் தொண்டை அசையவே இல்லை.

"உனக்கும் போயிடுச்சா, கண்ணு?" என்று கேட்டாள். தலைமையாசிரியர் காதுபடத்தான் கேட்டாள்.

போர்கா தலையாட்டினாள்.