வாலறுந்த செய்தி

"நாளைக்கு லீவு!" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தால் வேன் வேகம் குறையும்.

"லீவா, லீவாமா?" என்பாள் அக்கா, ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

"லீவாம்," என்று சுருதி இறங்கும்.

"அப்படிச் சொல்லு. எந்த வாய் சொல்லுச்சு?"

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் என் அக்கா; கதவைத் திறந்து மூடுகிறவன் நான். காதால் கேட்ட சேதிக்கு 'ஆம்' என்று ஒரு வால் இருக்க வேண்டும் அவளுக்கு. வாலை நறுக்கிவிட்டு வருகிறவன் தொலைந்தான். "பார்த்தியா, கேட்டியா? கேட்டேன்னா யார்கிட்ட? அவங்க பார்த்தாங்களா?" மூன்றாவது கேள்விக்குள் பாதிச் சேதி படியிறங்கி ஓடிவிடும்.

ஒருநாள் பாலத்தின் மேல் முதலை நடப்பதாகப் போனில் நானே ஒரு போலிப் படம் தயாரித்து வேன் பிள்ளைகளிடம் காட்டினேன். ஒரு பொடியன் போனை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, முதலைக்கு நிழலைக் காணோமே," என்றான். பள்ளிக்கூடத்தோடு பாதியிலேயே பேச்சு நின்றுபோனவன் நான்; ஃபெயிலாவது அன்றைக்குத்தான் இனித்தது.

போன வாரம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சேதி: 'வேன் ஓட்டும் பெண்ணுக்கு லைசென்ஸ் இல்லை.' வால் கிடையாது. சாயங்காலம் பள்ளி வாசலிலேயே இரண்டு அம்மாக்கள் வந்து பிள்ளைகளை இறக்கிக்கொண்டு போனார்கள். இப்படியே போனால் நாளைக்கு வேன் காலி, அக்கா பிழைப்பும் காலி. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடவில்லை.

மூன்றாவதாக ஓர் அம்மா வந்து, "இறங்குடி," என்றாள்.

"யாரும்மா பார்த்தாங்களாம்?" என்றாள் மகள்.

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

அம்மா போனை எடுத்துக் குழுவை மேலும் கீழும் தள்ளித் தேடினாள். எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. அடித்தேன்.

"எங்க அக்கா பொய் சொல்ல மாட்டாங்க! நாங்க நம்புறோம்!" என்று வேனே கத்தியது. நானாக இருந்தால் காலரைத் தூக்கிவிட்டிருப்பேன். அக்கா என்ஜினை அணைத்தாள்.

"என்னைப் பிடிக்கும்னா எனக்கு லைசென்ஸ் இருக்குன்னு ஆயிடுமா? வாங்கிப் பாருங்கடா."

பையிலிருந்து அட்டையை எடுத்துப் பின்னால் நீட்டினாள். அது கை மாறிக் கை மாறிப் போனது. தேதியைப் பார்த்தார்கள், முத்திரையைத் தடவினார்கள். ஜன்னல் வழியாக அந்த அம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

கடைசியாக வாங்கிய ஒன்றாம் வகுப்பு வாண்டு மட்டும் லேசில் விடவில்லை. சீட்டில் ஏறி நின்று, அட்டையை அக்கா முகத்தோடு சேர்த்துப் பிடித்தது.

"போட்டோல மூக்குக்கண்ணாடி இல்லையே?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். வெளிச்சம் விழும் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்தாள்.