மண்டபம் ஷாஜகான் பாய் அனுப்பாத விண்ணப்பம்

மண்டபம் ஷாஜகான் பாய் இன்று அதிகாலை இறந்துவிட்டார். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வயது ஐம்பத்தெட்டு.

ஸ்டேஷன் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர். கைப்பேசியிலேயே செய்தி அனுப்பும் காலம் வரும்வரை, பத்திரிகை நிருபரான என் செய்திகளும் படங்களும் அவர் கடையிலிருந்துதான் போயின.

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கடையில் அப்பாக்கள் கூட்டம். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு எந்தப் பாடத்தை முதலில் போடுவது என்று பாய் கேட்பார்.

"கம்ப்யூட்டரே போடுங்க பாய்" என்றார் ஒருமுறை ஒரு விசைப்படகுக்காரர்.

"பையன் என்ன சொல்றான்?"

"அவன் என்னத்தச் சொல்றது? மச்சினன் மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான். கல்யாண வீட்ல மச்சினன் பேசுறத நான் கேட்டுக்கிட்டே உக்காந்துருக்கணுமா?"

பாய் டைப் அடித்தார். படகுக்காரர் போனபின் என்னிடம் சொன்னார்: "மார்க்கு மகனோடது, கெத்து அப்பனோடது."

அடுத்த வருடம் பாயின் மகள் நஸ்ரினின் முறை. அவளுக்கு மீன்வளம் படிக்க ஆசை. மீன் இறங்குதளத்தில் ஏலக்காரர்களோடு சண்டை போட்டு மீன்களின் சரியான பெயரை எழுதி வாங்கும் பெண்.

மீன்வளப் படிப்புக்கான விண்ணப்பத்தைக் கடையிலேயே நிரப்பி, அனுப்பும் வேலையை அத்தாவிடம் விட்டாள். கடைசி நாள் வரை பாய் அனுப்பவில்லை. "சர்வர் படுத்துருச்சும்மா" என்று சொல்லிவிட்டார். இன்ஜினியரிங்குக்கும் போட்டிருந்ததால் அவள் கம்ப்யூட்டரில் சேர்ந்தாள்.

ஒரு மாதம் கழித்து என்னிடம் சொன்னார். "ஊருக்கே கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்துட்டு, எம் மக மட்டும் மீனு படிக்கப் போனா கடைக்கு வாரவன் சிரிக்க மாட்டானாண்ணே?"

படிப்பு முடிந்ததும் நஸ்ரினுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடம்கூடக் கம்பெனி பெயரைச் சொன்னார் பாய். நாலைந்து வருடம் சொன்னார்... அப்புறம் நிறுத்திவிட்டார்.

"இந்தப் பெருநாளைக்கு வந்தா உண்மையச் சொல்லிரணும்ணே" என்பார். அவள் வந்துவிட்டுப் போவாள். "வாய் வரலண்ணே" என்பார். இப்படி மூன்று பெருநாள்.

இன்று மாலை அடக்கம் முடிந்து பாய் வீட்டுக்குப் போனேன். நஸ்ரினே கேட்டாள்: "அத்தா உங்ககிட்ட ஏதும் சொன்னாகளா மாமா? அந்தச் சர்வர் விஷயம்?"

"உனக்குத் தெரியுமாம்மா?"

"அன்னைக்கே தெரியும். எங்கூடப் படிச்ச பிள்ளை அதே நாள்ல அனுப்பி, அதுக்கு மெசேஜும் வந்துருச்சு."

"பின்ன ஏன் கேக்கல?"



"எனக்கும் உள்ளுக்குள்ள அதுதான் வேண்டியிருந்துச்சு மாமா. மீனுன்னு சொன்னா யாரு மதிப்பா? பழிய அத்தா மேல வச்சுட்டு நான் சேந்துட்டேன். அவுக அதச் சுமந்துக்கிட்டே இருந்துட்டாக..."

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. எம் பேரப் போட்டே எழுதுங்க" என்றாள்.

பாய்... அவளுக்குத் தெரியும். ஓய்வெடுங்கள்.