மடத்து வாசலில் ஒற்றை பூட்ஸ்

பிள்ளைகளே, அறுபதுகளில் நான் சரக்குக் கப்பலில் கலாசியாக வேலை பார்த்தேன். தளம் கழுவுவது, கயிறு இழுப்பது, எல்லாம்தான். தாராவியில் உங்கள் அம்மாவும் நீங்களும்; கடலில் நான். ஒருமுறை பம்பாயிலிருந்து சூயஸ் வழியாகப் போன எங்கள் கப்பல், சரக்கு இறக்க சைப்ரஸ் தீவில் நின்றது. அங்கே ஒரு மலைமேல் பல நூறு வருஷத்துக் கிறிஸ்தவத் துறவிகள் மடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், என்னோடு வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர் போயே தீருவேன் என்றார். தாராவியில் எங்கள் சந்திலேயே குடியிருந்தவர். அவர் மனைவி அப்போது நிறைமாதம். மடத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்றார். துணைக்கு நானும் கிளம்பினேன்.

கரையில் இறங்க ஆளுக்கொரு பாஸ் கொடுத்தார்கள். நாலு மணிக்குள் திரும்ப வேண்டும். ஐந்துக்குக் கப்பல் கிளம்பிவிடும். தீவில் அப்போது இரண்டு சாராருக்குள் சண்டை. மலைப் பாதையில் ஒரு போலீஸ் சாவடி. துப்பாக்கிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி ஒவ்வொருவர் பாஸையும் வாங்கிப் பார்த்தார்கள். சாவடி தாண்டியதும் நான் பாஸை மடித்து இடது கால் பூட்ஸுக்குள், அடித்தோலுக்குக் கீழே செருகிக்கொண்டேன். பையில் வைத்தது பறிபோகும் என்பது பம்பாய் லோக்கல் ரயிலில் நான் பட்ட அனுபவம்.

மடத்து வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றினேன்.

“வே பாய், என்ன செய்யுதீரு? இங்க எல்லாவனும் பூட்ஸோடதான் உள்ள போறான்.”

“போனா போறான். ஆண்டவனத் தொழுவுற எடத்துல என்னால பூட்ஸோட நடக்க முடியாது அண்ணாச்சி.”

கழற்றியதோடு விட்டேனா? தாராவிப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைதோறும் செய்வதையே அங்கும் செய்தேன். ஒன்றைப் படியோரம் வைத்தேன். மற்றதைப் பத்தடி தள்ளி ஒரு மரத்தடியில் வைத்தேன். ஜோடியாகக் கிடந்தால்தானே திருடன் எடுப்பான்! மரத்தடியில் வைத்தது இடது கால். பாஸ் நினைவே வரவில்லை.

உள்ளே இருட்டு. கல் தரை காலில் சில்லென்று ஏறியது. சுவரெல்லாம் புகை படிந்த சித்திரங்கள். ஒரு மாதா படத்தின் பாதம், எத்தனையோ பேர் முத்தமிட்டுத் தேய்ந்தே போயிருந்தது. தூத்துக்குடிக்காரர் மெழுகுவர்த்தி ஏற்றி வெகுநேரம் முழங்காலில் இருந்தார். நான் தூணோரம் நின்று உங்களுக்காக துஆ கேட்டேன்.

வெளியே வந்தால் மரத்தடியில் ஒன்றுமில்லை.

“ஒத்த பூட்ஸக் களவாண்டவன் எவன்வே? நொண்டிப் பயலா இருப்பானோ?” என்று அவர் சிரித்தார்.

“அண்ணாச்சி, பாஸு அதுக்குள்ள இருக்கு.”

அவர் சிரிப்பு நின்றது. பாஸ் இல்லாமல் சாவடியைத் தாண்ட முடியாது. பிடித்து வைத்துக்கொள்வார்கள், கப்பல் எனக்காக நிற்காது. கப்பலைத் தவறவிட்டவன் என்று என் வேலைப் புத்தகத்தில் ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு பம்பாயில் எந்தக் கப்பலும் ஏற்றாது. கீழே கடைசி பஸ் ஹாரன் அடித்தது.

“நீரு தேடும்வே! பஸ்ஸ நான் பிடிச்சு வைக்கேன்!” என்று அவர் இறங்கி ஓடினார்.

விளக்குமாறோடு ஒரு வயதான துறவி வந்தார். என் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை எனக்குத் தெரியாது. மிச்சமிருந்த பூட்ஸைத் தூக்கிக் காட்டி, வெறுங்காலைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்து மடத்தின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினார். அங்கே சருகுக் குவியல் எரிந்துகொண்டிருந்தது. ஒற்றையாகக் கிடந்ததை யாரோ எறிந்த பழசு என்று நினைத்துக் குப்பையோடு அள்ளிவிட்டார், பாவம்.

பூட்ஸின் முனை கருகிக்கொண்டிருந்தது. அவர் ஒரு குச்சி எடுப்பதற்குள் நான் நெருப்புக்குள் கையை விட்டு அதை இழுத்துவிட்டேன். பாஸின் ஓரம் போயிருந்தது. முத்திரையும் அதில் ஒட்டியிருந்த என் படத்தில் பாதியும் மிச்சம்.

“பாய்! டிரைவர் கெளம்புதான்! ஒரு கால உள்ள, ஒரு கால வெளிய வச்சுட்டு நிக்கேன், வாரும்வே!” என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

சாவடியில் போலீஸ்காரன் பாஸை முகர்ந்து பார்த்தான். பாதிப் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நான் கருகிய பூட்ஸைக் கழற்றி அவனிடம் நீட்டினேன். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். இருவரும் என்னவோ பேசினார்கள். பிறகு பாஸைத் திருப்பித் தந்து, போ என்று கையசைத்தான்.

பஸ் நகர்ந்த பிறகுதான் விரல்கள் எரிவது தெரிந்தது. தூத்துக்குடிக்காரர் தண்ணீர் போத்தலைத் திறந்து, கப்பலுக்கு வரும்வரை என் கைமேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே வந்தார். நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏணி ஏறினோம்.